நூலகருக்குத் தரவு வேலை கற்றுக்கொடுப்பது எப்படி? ஊட்டியிலிருந்து வந்த கேள்விக்கு ஒரு பதில்

கேள்வி சுருக்கமாக இது. ஊட்டிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் நூலகராக இருப்பவர் கேட்கிறார்: "நீலகிரி, கொடைக்கானல் பகுதிக் கல்லூரி, பல்கலைக்கழக நூலகர்களைச் சேர்த்து ஆய்வுத் தரவு மேலாண்மையில் மூன்று நாள் பயிற்சி நடத்தச் சொல்கிறார் எங்கள் முதல்வர். எங்களில் யாருக்கும் கம்ப்யூட்டர் படிப்பு கிடையாது. சர்வர் இல்லை, தனி நிதியும் இல்லை. எதைச் சொல்லிக்கொடுப்பது, எங்கே தொடங்குவது? இது நூலகர் செய்யக்கூடிய வேலைதானா?"

செய்யக்கூடிய வேலைதான். ஆய்வாளர் திரட்டும் எண்கள், பேட்டிகள், படங்களை ஒழுங்காகக் காத்து, அடுத்தவருக்கும் பயன்படும்படி வைப்பதுதான் இது. ஒரு கல்லூரியில் இதற்கு நூலகரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்றே சொல்வேன். ஆனால் இந்தப் பயிற்சிகள் பெரும்பாலும் தவறான முனையில் தொடங்குகின்றன. முதல் நாள் காலை வரையறைகள், தரவின் வாழ்க்கைச் சுழற்சி என்று ஒரு வட்டப் படம். மதியம் ஏதோ ஒரு மென்பொருளை நிறுவிக் காட்டுவது. மூன்றாம் நாள் சான்றிதழ். ஊருக்குத் திரும்பிய நூலகர் முன்னால் மறுநாள் ஓர் ஆய்வு மாணவர் வந்து நின்றால், என்ன கேட்பது என்று அவருக்குத் தெரியாது. நூலகர் கற்க வேண்டியவை இரண்டே இரண்டு: ஆய்வாளரிடம் சரியான கேள்வி கேட்பது, கிடைத்த பதிலை அடுத்தவருக்குப் புரியும்படி எழுதி வைப்பது. இரண்டையும் உண்மையான ஒருவருடைய உண்மையான கோப்புகளை முன்னால் வைத்துக்கொண்டுதான் கற்க முடியும். சர்வர், மென்பொருள், கொள்கை எல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் முதல்வரிடம் சொல்ல உங்களுக்கு நாலு வரி வேண்டும். 2009 யு.ஜி.சி. விதிமுறைகள் வந்ததிலிருந்து பிஎச்.டி. தீசிஸ், இந்தியத் தீசிஸ்களின் இணையக் களஞ்சியமான ஷோத்கங்காவுக்குப் போகிறது. ஆனால் அந்தத் தீசிஸுக்கு ஆதாரமான எண்கள், பேட்டிகள், படங்கள் பெரும்பாலும் மாணவரின் லேப்டாப்பிலேயே தங்கிவிடுகின்றன. வைவா முடிந்து அவர் வேலை தேடிப் போகிறார், லேப்டாப் பழுதாகிறது, கைடு ஓய்வு பெறுகிறார். அதோடு சரி. பொதுப் பணத்தில் திரட்டிய, ரகசியம் தேவைப்படாத தரவு எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது மத்திய அரசு 2012-இலேயே அறிவித்த தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை. பல சர்வதேச ஆய்விதழ்கள் இப்போது கட்டுரையின் கடைசியில், இதன் தரவு எங்கே கிடைக்கும் என்று ஒரு வாக்கியம் எழுதித் தரச் சொல்கின்றன. அதை எப்படி எழுதுவது என்று கேட்டுப் பேராசிரியர்கள் நூலகத்துக்குத்தான் வருவார்கள். தரவைத் தேடினால் கிடைக்க வேண்டும், எடுக்க முடிய வேண்டும், மற்றக் கருவிகளோடு பொருந்த வேண்டும், மறுபடி பயன்பட வேண்டும் என்று 2016-இல் வெளியான 'ஃபேர்' கோட்பாடுகளைத்தான் இன்று உலகம் முழுக்க அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். முதல்வருக்கு இவ்வளவு போதும்.

நூலகர்களுக்கு இதைவிட நெருக்கமான காரணம் ஒன்றைக் காட்ட வேண்டும். மலையில் இருப்பவர்களுக்கு அது கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-இல் அமைந்தது. 1904 முதல் அங்கே சூரியனைக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்து வந்திருக்கிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை வானியலாளர் எவர்ஷெட் 1909-இல் கண்டுபிடித்ததும் அங்கேதான். ஒரு நூற்றாண்டுத் தகடுகளை இப்போது டிஜிட்டலாக்கி உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். வேறு கண்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கூட நூறு ஆண்டுச் சூரியனை ஒப்பிட்டுப் பார்க்கிறார். அது எப்படி முடிகிறது? ஒவ்வொரு தகட்டுக்கும் தேதி, நேரம், எந்தக் கருவி என்ற குறிப்பை அன்றன்றைக்கே யாரோ ஒருவர் எழுதி வைத்ததால்தான். தேதி தெரியாத தகடு எவ்வளவு அழகாக இருந்தாலும் சூரியச் சுழற்சியைப் பற்றி எதுவும் சொல்லாது.

நீலகிரியிலும் இப்படி ஒன்று உண்டு. ஊட்டியில் 1954 முதல் இயங்கும் மத்திய அரசின் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம், கிளென்மார்கன் பகுதியில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல ஆண்டுகள் நீர் அளந்தது. ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள், மற்றொன்றில் தைல மரம் நட்டார்கள். தைல மரம் ஓடை நீரைக் குறைக்கிறது என்பது அந்த அளவுகளிலிருந்துதான் நிரூபணமானது. மரம் நடுவதற்கு முன்பே இரண்டு இடத்திலும் அளந்து வைத்திருந்ததுதான் அதன் உயிர். அந்தப் பழைய எண்கள் தொலைந்திருந்தால், மரத்தால் குறைந்ததா மழை இல்லாததால் குறைந்ததா என்று இன்றைக்கும் விவாதித்துக்கொண்டிருப்போம்.

பயிற்சியில் நான் இன்னொன்றும் கேட்பேன். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, அடுத்து 2030-இல் பூக்க வேண்டும். 2018-இல் பழனி மலையிலோ நீலகிரியிலோ குறிஞ்சியை ஆராய்ந்த மாணவரின் கோப்பை 2030-இல் இன்னொரு மாணவர் திறந்தால் அவருக்குப் புரியுமா? இடையில் இருப்பது பன்னிரண்டு ஆண்டு. அதற்குள் லேப்டாப் பலமுறை மாறிவிடும், மென்பொருளின் பதிப்பு மாறிவிடும், எழுதியவருக்கே பாதி மறந்துவிடும். வந்திருக்கும் நூலகர் ஒவ்வொருவரையும் தன் கல்லூரித் தீசிஸ் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லுங்கள். வரையறை எதுவும் இல்லாமலே விஷயம் பிடிபட்டுவிடும்.

"நாங்கள் சயின்ஸ் படிக்கவில்லையே" என்ற தயக்கம் எல்லா இடத்திலும் வரும். அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லுங்கள். நூல் அட்டவணை தயாரிப்பவர் ஒரு பௌதிகப் புத்தகத்தைப் பட்டியலிடுவதற்குப் பௌதிகம் முழுக்கப் படிப்பதில்லை. யார் எழுதியது, எப்போது, எதைப் பற்றி, எந்தப் பதிப்பு, எங்கே இருக்கிறது என்று பார்க்கிறார். தரவுக்கு எழுதும் மெட்டாடேட்டா, அதாவது தரவைப் பற்றிய விவரக் குறிப்பும் அதுதான். உலகம் முழுக்கப் புழங்கும் டப்ளின் கோர் என்ற பதினைந்து விவரக் கூறுகளின் தொகுப்பு 1995-இல் உருவாகத் தொடங்கியபோதே அதில் நூலகர்கள் இருந்தார்கள். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. ஒருவர் மூன்று ஆண்டு அலைந்து சேர்த்த அளவுகளை இன்னொருவர் திரும்பச் சேர்க்காமல் இருக்கச் செய்வதைவிடப் பெரிய நேரச் சேமிப்பு எது?

சரி, முதல் நாள் என்ன செய்வது?

ஒரு எக்செல் கோப்பை விளக்கம் எதுவும் இல்லாமல் கொடுங்கள். உங்கள் கல்லூரி மாணவர் யாராவது சம்மதித்தால் அவருடைய நிஜக் கோப்பு. இல்லாவிட்டால் அதைப்போல நீங்களே ஒன்று தயாரிக்கலாம். நான் பயன்படுத்தும் கோப்பு ஒரு மழைப் பதிவு. ஃபோல்டரைத் திறந்தால் 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'சார் திருத்தியது', 'ஃபைனல் சார் ஓகே' என்று நாலு கோப்பு. எது கடைசி? தேதியைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றால், பென் டிரைவில் நகலெடுத்ததில் கோப்புத் தேதிகள் எல்லாம் மாறிக் கிடக்கின்றன. உள்ளே ஒரு நிரலின் தலைப்பு 'மழை'. அவ்வளவுதான், அலகு கிடையாது. முதல் பகுதியில் 1.2, 0.8, 2.35 என்று சின்ன எண்கள்; திடீரென்று ஒரு வரியிலிருந்து 31, 20, 58. எஸ்டேட் பதிவேட்டில் அங்குலத்தில் இருந்ததை அப்படியே ஏற்றிவிட்டு, பிறகு மில்லிமீட்டருக்கு மாறியிருக்கிறார். எந்த வரியில் மாறினார் என்று எங்கேயும் எழுதவில்லை. சில கட்டங்களில் 0, சில கட்டங்கள் காலி. 0 என்றால் மழை இல்லை. காலி என்றால்? அன்றைக்கு அளக்க வேண்டியவர் லீவா, மழைமானி உடைந்திருந்ததா, மழையே இல்லாததால் எழுதாமல் விட்டாரா? கூடலூர்ப் பக்கம் ஜூலையில் ஒரு வாரம் காலியாக இருந்தால் அதை மழை இல்லாத வாரம் என்று எடுத்துக்கொள்வது பெரிய தவறாகும். அதே காலி வாரம் பிப்ரவரியில் வந்தால் உண்மையிலேயே மழை இல்லாமல் இருந்திருக்கலாம். அப்புறம் தேதி: 03/04 என்றால் ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்திருந்தால் பாதித் தேதிகள் சத்தமில்லாமல் தலைகீழாகியிருக்கும். நாள் 12-ஐத் தாண்டும் வரிகள் மட்டும் தேதியாக மாறாமல் எழுத்தாகவே நின்றுவிடும். அதைப் பார்த்துத்தான் சிக்கலைக் கண்டுபிடிக்கலாம். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2019-04-03 என எழுதினால் இந்தத் தொல்லை கிடையாது.

எக்செல் தானாகத் தேதியாக்கும் பழக்கம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒன்று சொல்லலாம். 'மார்ச் 1', 'செப்ட் 2' என்பதுபோல் சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்களை அது தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், பெயர் சூட்டும் சர்வதேசக் குழு 2020-இல் அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது.

இந்தக் கோப்பை இரண்டு இரண்டு பேராகப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுங்கள். புரியாதது எல்லாவற்றையும் கேள்வியாக எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அந்த மாணவரை, அல்லது அவர் இடத்தில் நடிக்க ஒருவரை, உள்ளே அழைத்து உட்கார வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். மூன்று நாளில் மிக முக்கியமான பகுதி இதுதான். கேட்கும் விதத்தைக் கவனியுங்கள். "உங்கள் தரவு மேலாண்மைத் திட்டம் என்ன?" என்று கேட்டால் மாணவர் மிரண்டுபோவார். "இதை எங்கே போய் அளந்தீர்கள்? தினமும் நீங்களேவா எழுதினீர்கள்? முதலில் நோட்டில் எழுதினீர்களா, நேராக லேப்டாப்பிலா? அந்த நோட்டு இப்போது எங்கே? நாளைக்கு லேப்டாப் திருடு போனால் என்ன செய்வீர்கள்? உங்கள் ஜூனியர் இதைத் தொடர வேண்டும் என்றால் அவருக்கு முதலில் எதைச் சொல்வீர்கள்?" என்று கேட்டால் கொட்டிவிடுவார். கடைசிக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலை அப்படியே எழுதினால் அதுவே பாதி விளக்கக் குறிப்பு. ரெஃபரன்ஸ் மேஜையில் பல ஆண்டு உட்கார்ந்தவருக்கு இந்தப் பேச்சு கைவந்த கலை. வாசகர் கேட்பது ஒன்று, அவருக்கு வேண்டியது வேறு என்பதை அவர் தினமும் பார்க்கிறவர்.

கேட்டு முடித்ததும் ஒரு பக்க விளக்கக் குறிப்பு எழுத வையுங்கள். 'ரீட்மி' என்று வழங்கும் சாதாரணக் குறிப்புக் கோப்பு போதும். யார், எப்போது, எங்கே, எந்தக் கருவியால் திரட்டினார். ஒவ்வொரு நிரலும் என்ன, அலகு என்ன. காலிக் கட்டத்துக்கு என்ன பொருள். எந்தக் கோப்பிலிருந்து எது வந்தது. யாரைக் கேட்க வேண்டும். எழுதியதை இன்னொரு ஜோடியிடம் மாற்றிக் கொடுத்து, அதை மட்டும் வைத்துக் கோப்பைப் புரிந்துகொள்ள முடிகிறதா என்று சோதியுங்கள். முதல் முறை முடியாது. திருத்துவார்கள். அந்தத் திருத்தத்தில்தான் கல்வி இருக்கிறது. கொடைக்கானலில் நடத்துவதாக இருந்தால், செண்பகனூர் அருங்காட்சியகத்தின் உலர்தாவரத் தொகுப்பைப் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். உலர்தாவரத் தாளின் மூலையில் ஒட்டும் சிறு சீட்டில் சேகரித்தவர், இடம், நாள் எல்லாம் இருக்கும். சீட்டு போய்விட்டால் அது வெறும் காய்ந்த இலை.

இரண்டாம் நாளுக்குத் தமிழ் சார்ந்த ஒரு சிக்கலை வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுப் பாடங்களில் இது இருக்காது, நம் ஆய்வு மாணவர்களிடம் நிறைய இருக்கும். சமூகவியல், தமிழ், வரலாறு படிக்கும் மாணவர்கள் பேட்டிகளை பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருப்பார்கள். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரு குழப்பம்தான் தெரியும். தேடினால் ஒரு சொல்லும் கிடைக்காது. எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே மாதிரி தெரியும் யூனிகோடு முறையைத் தமிழக அரசு 2010-இலேயே ஏற்று ஆணையிட்டுவிட்டது. ஆனால் பழக்கம் விடுவதில்லை. இதை மாற்ற என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் உள்ளன. மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் படித்தாக வேண்டும். கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். நடுவில் கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களும் எண்களும் தமிழாக மாறிப் பொருளற்றுப் போயிருக்கும். மூலக் கோப்பை அழிக்காமல், எழுத்துருவின் பெயரைக் குறிப்பில் எழுதிப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.

இதோடு சேர்ந்தது சி.எஸ்.வி. பிரச்சினை. கட்டங்களைக் காற்புள்ளியால் பிரித்து வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு வடிவம் அது. தரவை நீண்ட காலம் வைக்க எக்செல் வடிவத்தோடு சி.எஸ்.வி.யாகவும் ஒரு பிரதி வைப்பது நல்லது, எந்த மென்பொருளிலும் திறக்கும். ஆனால் தமிழ் உள்ள தாளை எக்செல்லில் வெறும் 'சி.எஸ்.வி.' என்று சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாக மாறிவிடும். மூடிவிட்டால் திரும்ப வராது. சேமிக்கும் பட்டியலில் யூனிகோடாகவே சேமிக்கும் 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8' என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு பக்கம், யாரோ அனுப்பிய சரியான யு.டி.எஃப்-8 கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் குழப்ப எழுத்தாகத் தெரியலாம். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறி அழித்துவிடக் கூடாது. எக்செல்லின் 'டேட்டா' பட்டை வழியாக யு.டி.எஃப்-8 என்று சொல்லி இறக்கினால் தமிழ் ஒழுங்காக வரும். பயிற்சியில் இரண்டையும் எல்லோரும் தங்கள் கையால் செய்து பார்க்கட்டும். ஒருமுறை கேள்விக்குறிகளைக் கண்ணால் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

ஸ்கேன் செய்த படம் என்றால் டிஃப், ஒலிப்பதிவு என்றால் வேவ், கட்டுரை என்றால் பி.டி.எஃப்-ஏ என்று வடிவங்களின் பட்டியல் ஒரு பக்கத்தில் கொடுத்தால் போதும், பாடமாக நடத்த வேண்டியதில்லை.

பாதுகாப்புப் பிரதி பற்றி மலையில் பேசுவது எளிது, கேட்பவர் எல்லோருக்கும் அனுபவம் இருக்கும். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்பது எங்கும் சொல்லும் விதி. நம்மிடம் அந்த 'வேறு ஊர்' சமவெளியாக இருக்கட்டும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கம் நடந்த மண்சரிவுகள் நினைவிருப்பவருக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரே கட்டடத்தின் மாடியிலும் கீழ்த்தளத்திலும் வைத்த இரண்டு பிரதி, இரண்டு பிரதி ஆகாது. மழை மாதங்களில் பீரோவுக்குள் வைத்த சி.டி.யிலும் நோட்டிலும் பூஞ்சை ஏறும். கள நோட்டுகளைப் பருவமழைக்கு முன்பே ஸ்கேன் செய்துவிட வேண்டும். கோப்பு நகலெடுக்கும்போது கெடாமல் வந்ததா என்று பார்க்க செக்சம் என்ற கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடலாம். அதற்கான 'செர்ட்யூட்டில்' கட்டளை விண்டோஸிலேயே இருக்கிறது, பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். கரண்ட் போய் வரும் இடத்தில் பெரிய கோப்புகளை நகலெடுத்தால் இந்தச் சோதனை கட்டாயம் வேண்டும்.

இனி, நான் மிகவும் அக்கறைப்படும் பகுதிக்கு வருகிறேன். மூன்று நாளில் அரை நாளாவது இதற்கு ஒதுக்குங்கள்.

தரவு என்றால் திறந்துவிட வேண்டும் என்று மட்டும் கற்பித்தால் நீலகிரியில் அது ஆபத்து. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல் பழங்குடிகள் இங்கே வாழ்கிறார்கள். பழனி மலையில் பளியரும் புலையரும் இருக்கிறார்கள். பல காலமாக ஆய்வாளர்கள் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்து கேட்டு, பதிவு செய்து, எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மூலிகை அறிவு, சடங்குப் பாடல், குடும்ப நோய் விவரம் எல்லாம் இன்றைக்கு ஒரு மாணவரின் போனில் ஒலிக்கோப்பாக இருக்கும். அதைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றலாமா என்று நூலகரிடம்தான் கேட்பார். நூலகர் திரும்பக் கேட்க வேண்டியது: பேசியவரிடம் என்ன சொல்லி அனுமதி வாங்கினீர்கள்? தீசிஸுக்கு என்று மட்டும் சொல்லியிருந்தால் அந்த அனுமதி இணையத்துக்குச் செல்லாது. அது தனி ஒருவரின் அறிவா, ஊரின் அறிவா? ஊரின் அறிவென்றால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டீர்களா? பழங்குடித் தரவின் மீதான அதிகாரமும் பலனும் அந்த மக்களிடம் இருக்க வேண்டும் என்று சொல்லும் 'கேர்' கோட்பாடுகள் 2019-இல் வந்தன. ஃபேர் கற்பிக்கும் இடத்தில் இதையும் கற்பிக்காவிட்டால் பாடம் பாதிதான். மூலிகை, மரபறிவு சார்ந்த ஆய்வுக்கு 2002 பல்லுயிர் பரவல் சட்டமும் இருக்கிறது. சட்டத்தை விளக்குவது நூலகர் வேலை ஆகாது. ஆனால் கைடிடமும் நெறிமுறைக் குழுவிடமும் கேளுங்கள் என்று நிறுத்திச் சொல்வது அவர் வேலை.

தனிநபர் விவரங்களுக்கு 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. ஆராய்ச்சிக்கு அதில் நிபந்தனையோடு விலக்கு உண்டு. அதற்காகப் பெயர், போன் நம்பரோடு கோப்பைப் பகிரலாம் என்று பொருளில்லை. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைப்பவரிடம் இந்த உதாரணத்தைச் சொல்லுங்கள்: தோடர் குடியிருப்பான ஒரு மந்தில் பத்துப் பதினைந்து பேர்தான் இருக்கிறார்கள் என்றால், 'வயது 62, பெண், இந்த மந்து, சர்க்கரை நோய்' என்ற வரியே ஆளை அடையாளம் காட்டிவிடும். வயதை வயது வரம்பாகவும், மந்தின் பெயரை வட்டாரப் பெயராகவும் மாற்ற வேண்டியிருக்கும். இதைப் பத்து வரித் தாளில் செய்து பார்க்க வைக்கலாம்.

செடி, விலங்குத் தரவிலும் இதே கவனம் வேண்டும். சோலைக் காட்டில் ஓர் அரிய ஆர்க்கிட் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஜி.பி.எஸ். எண்களோடு வெளியிட்டால் அடுத்த சீசனில் அது அங்கே இருக்காது. இடத்தைச் சில கிலோமீட்டர் அளவுக்கு மங்கலாக்கி வெளியிட்டு, துல்லிய எண்களைக் கேட்டு வாங்கும் முறையில் வைப்பதுதான் வழக்கம். மங்கலாக்கியதையும் குறிப்பில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அதை நம்பி ஒருவர் வரைபடம் போட்டுவிடுவார்.

எங்கே வைப்பது என்ற கேள்விக்கு என் பதில் உறுதியானது: உங்கள் கல்லூரியில் சொந்தமாகத் தரவு சர்வர் வைக்க முயலாதீர்கள். அமைக்கும்போது உற்சாகம் இருக்கும். அமைத்தவர் மாற்றலாகிப் போன பிறகு அதைப் பார்க்க ஆள் இருக்காது. துறைக்கென்று களஞ்சியம் இருந்தால் அங்கே போகட்டும். உயிரியல் மரபுத் தரவுக்கு ஃபரீதாபாத்தில் 2022-இல் தொடங்கிய இந்திய உயிரியல் தரவு மையம் இருக்கிறது. சமூக அறிவியலுக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தரவு சேவை இருக்கிறது. உயிரினப் பதிவுகளுக்கு ஜி.பி.ஐ.எஃப். எதிலும் சேராததற்கு ஜெனோடோ. ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் 2013 முதல் நடத்துவது, இலவசம், ஒரு பதிவுக்கு 50 ஜி.பி. வரை இடம், ஒவ்வொன்றுக்கும் டி.ஓ.ஐ. என்ற நிரந்தர அடையாள எண் கிடைக்கும். எந்தத் துறைக்கு எது என்று தேட ரீத்ரீடேட்டா என்ற பட்டியல் தளம் உதவும். பயிற்சியில் ஜெனோடோவின் சோதனைத் தளத்தைப் பயன்படுத்துங்கள், அங்கே என்ன ஏற்றினாலும் உண்மைப் பதிவாகாது. முதல் நாள் எழுதிய விளக்கக் குறிப்பை வைத்தே அந்தப் படிவத்தை நிரப்பச் சொன்னால், தலைப்பு, ஆசிரியர், உரிமம் எல்லாம் தானாக வந்து விழும். ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஆர்சிட் எண் அவருக்கு இல்லாவிட்டால் அப்போதே எடுத்துக் கொடுங்கள், சில நிமிட வேலை.

தரவு மேலாண்மைத் திட்டம் என்பதை ஒரு பக்கத்துக்கு மேல் போக விடாதீர்கள். என்ன திரட்டுவேன், எங்கே வைப்பேன், யார் பார்க்கலாம், முடிந்ததும் எங்கே கொடுப்பேன். பிஎச்.டி. பதிவின்போது சினாப்சிஸோடு இந்த ஒரு பக்கத்தையும் மாணவர் நூலகரோடு உட்கார்ந்து எழுதட்டும். முடிவில் கேட்பதைவிடத் தொடக்கத்தில் கேட்பது பத்து மடங்கு பலன் தரும்.

யாரை அழைப்பது? நூலகர்களை மட்டும் வைத்து நடத்தாதீர்கள். ஆய்வு மாணவர்கள் சிலர், நெறிமுறைக் குழுவில் இருக்கும் ஒருவர், கணினித் துறை ஆசிரியர் ஒருவர், முடிந்தால் கள ஆய்வுக்கு இடம் கொடுத்த சமூகத்திலிருந்து ஒருவர் இருக்க வேண்டும். கொடைக்கானலில் 1984 முதல் இயங்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும், ஊட்டிப் பக்கத்துக் கல்லூரிகளும், இரண்டு மலையிலும் உள்ள மத்திய ஆராய்ச்சி நிலையங்களும் ஒரே மேஜையில் உட்கார இது நல்ல சாக்கு. முத்தோரை ரேடியோ தொலைநோக்கி போன்ற இடங்களில் தரவோடு அன்றாடம் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மதியம் வந்து பேசச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

பாடப் பொருளுக்கு, எடின்பரோ பல்கலைக்கழகத்தின் 'மந்த்ரா' இணையப் பாடம் இலவசம். நூலகர்கள் தாங்களே கூடிப் படிக்கவென்று அந்தப் பல்கலைக்கழகமே ஒரு பயிற்சித் தொகுப்பும் தயாரித்திருக்கிறது. லைப்ரரி கார்பென்ட்ரி பாடங்களும் திறந்தவை. அதில், தரவைச் சுத்தம் செய்யும் ஓப்பன்ரிஃபைன் என்ற மென்பொருளுக்கான பாடம், ஒரே ஊரை 'உதகை, ஊட்டி, உதகமண்டலம்' என்று மூன்று விதமாக எழுதிய நிரலை ஒரே பெயராக்கக் கற்றுத்தரும். பாடங்கள் ஆங்கிலத்தில் இருந்தால் பரவாயில்லை. பயிற்சியும் பேச்சும் தமிழில் நடக்கட்டும், உதாரணம் நம் கோப்பாக இருக்கட்டும்.

மூன்று நாளோடு விடாதீர்கள். சான்றிதழைக் கடைசி நாள் கொடுக்காமல், ஆளுக்கு ஓர் ஆய்வு மாணவரைப் பிடித்து அவருடைய ஒரு தரவுத் தொகுப்புக்கு விளக்கக் குறிப்பு எழுதி அனுப்பிய பிறகு கொடுங்கள். மூன்று மாதம் தவணை போதும். நடுவில் மாதம் ஒருமுறை எல்லோரும் போனில் கூடி, சிக்கியதைப் பேச வேண்டும். புதிய கேள்விகள் அப்போதுதான் வரும்.

நாள் குறிப்பது பற்றி: மே மாதம் வேண்டாம். மலர்க் கண்காட்சி சீசனில் ஊட்டியில் அறை கிடைக்காது, கல்லூரியும் விடுமுறை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிச் சாலையை நம்பித் தேதி வைக்க முடியாது. ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரி சரியாக இருக்கும். குளிர் உண்டு, மழை இராது, மாணவர்களும் இருப்பார்கள். அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்: வருபவர் ஒவ்வொருவரும் தங்கள் கல்லூரி ஆய்வாளர் ஒருவரின் ஒரு ஃபோல்டரை, அவர் கையெழுத்திட்ட அனுமதியோடு, தனிநபர் பெயர்களை நீக்கி, பென் டிரைவில் கொண்டுவர வேண்டும்.